விளைச்சலைக் கேட்காத பண்டிகை

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே கிடக்கும் செம்மணல் தேரியில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களுக்கு நன்றி சொல்லக் காரணங்கள் அதிகம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. நெல்லுக்கு ஏற்ற மண் அல்ல அது. பனைதான் பிழைப்பு. ஒரு பனையேறி ஒரே நாளில் முப்பது, நாற்பது மரங்களைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்குவார். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும், மேலே போனால் கைக்கு எட்டும் தூரத்தில் கருக்கு மட்டை. பதநீர் இறங்குவது ஆண்டில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களைக் கருப்பட்டி விற்ற காசும் கடனும் சேர்ந்து ஓட்ட வேண்டும். மரம் பலருக்குச் சொந்தமில்லை, நிலக்காரருக்குப் பங்கு போக வேண்டும். ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டால் அந்த வீட்டின் வருமானமே நின்றுபோகும். இப்படிப்பட்ட நிலத்தில்தான் ஸ்தோத்திரக் காணிக்கை, பிடி அரிசி, அறுப்பின் பண்டிகை, அசனம் எனும் பொது விருந்து என்று நன்றி செலுத்தும் கிறிஸ்தவ வழக்கங்கள் தழைத்தன. வளமான ஊர்களில் தோன்றி வறண்ட ஊர்களுக்குப் பரவிய வழக்கம் இல்லை இது. வறண்ட ஊர்களே இதை உறுதியாகப் பிடித்துக்கொண்டன. ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குத் தோன்றுகிறது. நன்றி செலுத்துவதை அந்த மக்கள் மனநிலையின் பொறுப்பில் விடவில்லை. நாட்காட்டியிடமும் கையிடமும் ஒப்படைத்தார்கள். அதனால்தான் கஷ்ட காலத்திலும் அது அறுந்துபோகவில்லை.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே நெருக்கடிகளின் வரிசைதான். 1799-ல் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியில் முதலூர் உருவானது. புதிதாகக் கிறிஸ்தவர் ஆனவர்கள் பழைய ஊரில் இருக்க முடியாமல் தனி இடம் தேடி ஒதுங்கியதால் பிறந்த ஊர் அது. 1802-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சத்தியநாதன், கெரிக்கே போன்ற குருமாரிடம் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1803-ல் கெரிக்கே இறந்தார். 1811-ல் தென்மாவட்டங்களைக் கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த தண்டனை இது என்ற பேச்சை அந்தக் காலத்தில் தவிர்த்திருக்க முடியாது. பலர் திரும்பிப் போனார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இந்தச் சபைகளுக்கு நிலையான மேற்பார்வை இல்லை. ஆனால் 1816-ல் பாளையங்கோட்டைக்கு ராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், பல சிற்றூர்களில் சிதறிக் கிடந்த சுமார் 3,000 கிறிஸ்தவர்களைக் கண்டார். வெள்ளைக்கார மிஷனெரி இல்லாத காலத்தில் இவர்களைக் கட்டிக் காத்தவர்கள் உள்ளூர்க் குருமாரும் உபதேசியார்களும். வேலைக்குப் போகுமுன் காலை ஜெபம், திரும்பியபின் மாலை ஜெபம் என்ற நாள் ஒழுங்கு இந்த ஊர்களின் அடையாளமாக வளர்ந்தது. அந்த ஒழுங்கில் விண்ணப்பத்துக்கு இருந்த அளவு இடம் ஸ்தோத்திரத்துக்கும் இருந்தது. காய்ச்சல் வந்த வீட்டுக்காரரும் வராத வீட்டுக்காரரும் அதே கூரையின் கீழ் அதே வார்த்தைகளைச் சொன்னார்கள்.

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் இந்த ஒழுங்குக்கு ஒரு பொருளாதார வடிவம் கொடுத்தார். 1830-ல் தோன்றிய தர்ம சங்கம், துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்கவும் சிறு கோயில்கள் கட்டவும் மக்களிடமே பணம் திரட்டியது. தனக்குக் கிடைத்த அடைக்கலத்துக்கு நன்றியாக ஒருவர் கொடுத்த காசு, அடுத்து வருபவருக்கு அடைக்கலம் ஆனது. நெடுவிளை மெய்ஞ்ஞானபுரம் ஆனதும், நல்லூர், சுவிசேஷபுரம் போன்ற பெயர்கள் வரைபடத்தில் ஏறியதும் இந்தக் காலத்தின் தடயங்கள். இன்றும் திருநெல்வேலி வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் மாதச் சந்தாவைச் ‘சங்கம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஜூலை மாதம் பாளையங்கோட்டையில் கூடும் ஸ்தோத்திரப் பண்டிகையும் இந்த மரபில் வருவதுதான். ஆராதனையும் காணிக்கையும் பிரிக்க முடியாதபடி அதில் பிணைந்திருக்கின்றன. இந்த நன்றிக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு செலவு இருந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வாயால் சொல்லிவிட்டு எழுந்து போக அதில் இடம் இல்லை.

அன்றாட வாழ்வுக்குள் இது நுழைந்த வழி பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. ஞாயிற்றுக்கிழமையோ மாதம் ஒருமுறையோ அதைக் கோயிலில் சேர்ப்பது. சேர்ந்ததை விற்று ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் செலவிடுவது. இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இதன் அமைப்பைக் கவனித்துப் பார்க்க வேண்டும். காசு ஆண்கள் கையில் இருந்த காலத்தில் அரிசிப் பானை பெண்களின் கையில் இருந்தது. ஆகவே யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் தன் பெயரில் கொடுக்கக்கூடிய ஒரே காணிக்கையாக இது இருந்திருக்கும். அடுத்ததாக, அந்தக் கைப்பிடி சமைத்து மிஞ்சியதிலிருந்து வரவில்லை. சமைக்குமுன், வீட்டில் யாரும் சாப்பிடுமுன், எல்லாருக்கும் போதுமா என்று தெரியுமுன் அது ஒதுக்கப்பட்டது. பஞ்சமான மாதத்தில் கை சற்று இறுகியிருக்கலாம். ஆனால் அளக்கும் ஒவ்வொரு வேளையும் கலயத்தின் பக்கம் கை போனது. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. மிசோரம் மலைகளில் 1910-ல் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம், அடுத்த ஆண்டே வந்த மூங்கில் பூப்புப் பஞ்சத்தையும் தாண்டி, அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் பெரிய வருமான வழிகளில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. வெகுதூரம் விலகிய இரண்டு ஏழை நிலங்களில் ஒரே வழக்கம் வேர்பிடித்தது என்றால், அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. கொடுக்கும் அளவைச் சிறியதாக்கி, கொடுக்கும் நேரத்தை நிலையாக்கிய வழக்கம் அது. இல்லாதவர்களாலும் கைவிடாமல் செய்ய முடிந்ததற்கு அதுவே காரணம்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் பண்டிகையிலும் இதே தர்க்கம் உண்டு. தமிழ்நாட்டில் நன்றிக்கு வலுவான இன்னொரு வடிவம் நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்தால், வழக்கு ஜெயித்தால், வலையில் மீன் விழுந்தால் இன்னது செய்கிறேன் என்று நேர்ந்து, நடந்தபின் செலுத்துவது. உவரி அந்தோனியார் கோயிலில் கத்தோலிக்கர்கள் கொடுக்கும் அசனத்தில் பெரும்பங்கு இவ்வகையைச் சேர்ந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெற்றதை மறக்காமல் திரும்ப வந்து நிற்பது பெரிய குணம், நேர்ந்ததைச் செலுத்தாமல் சாப்பாடு இறங்காத எத்தனையோ பேரை அது நேர்மையாக வைத்திருக்கிறது. ஆனால் நேர்த்திக்கடன் விளைவுக்குப் பின்னால் வருவது. பிள்ளை பிழைக்காத வீட்டுக்கு அதில் எந்த வேலையும் இல்லை. சேகரம் (பல சபைகள் அடங்கிய நிர்வாக வட்டம்) குறித்துவிட்ட அறுப்பின் பண்டிகை அப்படி விளைச்சலைக் கேட்டு வருவதில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் அது வரும். பூசணிக்காயும் வாழைத்தாரும் கருப்பட்டியும் சேவலும் பீடத்தின் அருகே அடுக்கப்படும், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். விளையாத வீட்டுக்காரர் நாலு முட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நன்றி செலுத்தும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், ‘இந்த ஆண்டு நன்றி சொல்லலாமா’ என்ற கேள்வியே அந்த ஊரில் எழுவதில்லை. விவிலியத்தில் உபாகமம் 26ஆம் அதிகாரம் விதிக்கும் முதற்பலன் சடங்கும் இந்த வகைதான். கூடையைக் கொண்டுவருபவர் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. தன் முன்னோர் எகிப்தில் அடிமைகளாய் ஒடுக்கப்பட்ட கதையையும் அங்கே நின்று சொல்ல வேண்டும். துன்பத்தை மறைத்துவிட்டுச் சொல்லும் நன்றியை அந்தச் சட்டம் ஏற்கவில்லை.

இது ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட பண்டிகைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் இங்கிலாந்தின் கோயில்களில் இன்று நடக்கும் அறுவடைப் பண்டிகையே கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற குரு 1843-ல் நடத்திய ஆராதனையிலிருந்து பரவியது. தமிழ்க் கிராமமோ அதற்கு நெடுங்காலம் முன்பே புதுநெல்லைப் பொங்கிப் படைத்த கிராமம். வந்தது ஆராதனை முறை. நிலம் ஏற்கெனவே பழகியிருந்தது. ஏலம், அசனம், பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது இவையெல்லாம் எந்த ஆங்கில ஜெப புத்தகத்திலும் கிடையாது.

இன்னும் கடினமான கேள்வி வேறு. மனதில் இல்லாத நன்றியை நாள் குறித்துச் சொல்வது போலி ஆகாதா? துக்க வீட்டுக்காரரைக் காணிக்கைத் தட்டின் முன் நிறுத்துவது கொடுமை இல்லையா? இதற்குப் பதிலை இந்தச் சபைகளின் இன்னொரு வழக்கத்தில் காணலாம். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதுபோல, இறந்தவரின் நினைவு நாளுக்கும் படைக்கிறார்கள். குருவானவர் பெயர்களை வாசிக்கும்போது புதுப் பிள்ளை பெற்ற தாயின் பெயரும் கணவனை இழந்தவரின் பெயரும் ஒரே பட்டியலில் வருகின்றன. அந்தக் கைம்பெண் மரணத்துக்கு நன்றி சொல்கிறார் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளுக்காகவும், அடக்கம் முடிந்தபின் வீட்டில் அடுப்பு எரிய வைத்த அயலாருக்காகவும், இன்னும் எழுந்து நடக்க முடிவதற்காகவும் சொல்கிறார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைச் சபை இப்படித்தான் புரிந்துகொண்டது: எந்த நிலையில் இருந்தாலும் நன்றியை விடக்கூடாது, அதற்காகத் தீமையை நன்மை என்று அழைக்க வேண்டியதில்லை. வீணை கற்பவர் மனம் ஒன்றாத நாளிலும் உட்கார்ந்து சாதகம் செய்வதை யாரும் போலி என்பதில்லை. மனம் பின்னால் வரட்டும் என்று கை முதலில் போகிறது. மனம் நிறைந்தால்தான் நன்றி என்று வைத்துக்கொண்டால், நன்றி சுகமாய் இருப்பவர்களின் சொத்தாகிவிடும். நொந்தவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்பதற்காகவே அதை வழக்கமாக்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வரலாற்றாளர் எழுப்பும் ஓர் ஐயத்தையும் ஒதுக்க முடியாது. இந்தச் சபைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டுச் சான்றுகளில் பெரும்பாலானவை மிஷனெரிகள் எழுதிய அறிக்கைகள். இங்கிலாந்தில் நன்கொடை திரட்டப் பயன்பட்ட எழுத்துகள் அவை. ஏழ்மையிலும் நன்றி மறவாத தமிழ்க் கிறிஸ்தவர் என்ற சித்திரம் அந்த வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது. அதிலும் 1876–78 பஞ்சத்தின்போது பல்லாயிரம் பேர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, நிவாரணம் மக்களை ஈர்த்ததை 1877-ல் பேராயரான கால்டுவெல்லும் மறைக்கவில்லை. ஆகவே அந்த அறிக்கைகளின் புகழ்ச் சொற்களை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கலாம். சோற்றுக்காக வந்த கூட்டம் என்றால் பஞ்சம் நீங்கியபின் கொடுக்கும் பக்கத்துக்கு அது வந்திருக்கக் கூடாது. நடந்தது வேறு. தங்கள் குருமாரின் சம்பளத்தைச் சபைகளே மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டன. பஞ்சம் தீர்ந்து கால்நூற்றாண்டு முடிந்த 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1904-ல் அதன் ஊழியர் நிஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். பனங்காட்டு ஊர்களின் சங்கப் பணமும் காணிக்கையும் தெலுங்கு நாட்டு ஏழைகளின் பள்ளிக்கும் கோயிலுக்கும் போயின. நூறு ஆண்டு பெற்றுவந்த ஒரு சபை கொடுக்கும் சபையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எல்லாவற்றையும்விடக் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: ஒடுக்கப்பட்டவர்களிடம் நன்றியைப் போதிப்பது அவர்களை அடங்கிக் கிடக்கச் செய்யும் வழி என்பது. சாதியும் நிலவுடைமையும் நசுக்கிய மக்களைப் பார்த்து ‘இருப்பதற்கு நன்றி சொல்’ என்பவரைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் திருநெல்வேலியில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1845-ல் விபூதி சங்கம் என்ற பெயரில் திரண்டவர்கள் நல்லூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கிக் கொள்ளையிட்டபோது, அந்த மக்கள் கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னதோடு நின்றுவிடவில்லை, வழக்கும் தொடுத்தார்கள். எல்லைக்கு அப்பால் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தலைமுறை கடந்து போராடினார்கள். 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவரும் வரை அதை முன்னின்று நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் ஞாயிறுதோறும் ஸ்தோத்திரம் பாடியவர்கள்தான். இது முரண்பாடு ஆகாது. சோறும் உயிரும் கடவுள் கொடுத்தது என்று நாள்தோறும் சொல்லிப் பழகியவருக்கு, அதை நான்தான் கொடுத்தேன் என்று வந்து நிற்கும் நிலக்காரரின் முன் குனிய வேண்டிய அவசியம் குறைகிறது. நன்றி போய்ச் சேரும் இடம் மாறியபோது கைகட்டி நிற்கும் வழக்கமும் ஆட்டம் கண்டது.

இதை மிகத் தெளிவாக வாழ்ந்து காட்டியவர் வெள்ளாளன்விளையில் 1874-ல் ஒரு கிராமத்துக் குருவின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றியோடு இருக்கும் என்று சொன்னார். அதே பேச்சில், உங்கள் தயவு போதும், எங்களைச் சமமாக நடத்தும் நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் கேட்டும்விட்டார். மாநாட்டு அரங்கில் இருந்த பலருக்கு அது கசந்தது. நன்றியுள்ளவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தோர்ணக்கல்லுக்குப் போனபின்பும் அசரியா இதே பாதையில்தான் நடந்தார். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், நிலம் இல்லாத கூலிகள். அவர்களிடமும் கைப்பிடித் தானியத்தையும் முதற்பலனையும் கேட்டார். ஏழைகளிடம் கேட்பதா என்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கைப் பணியே பதில். எப்போதும் வாங்கும் இடத்திலேயே வைக்கப்பட்ட ஒருவரிடம், நீங்களும் கொடுக்கக்கூடியவர் என்று சொல்வது அவருக்கு மனித மதிப்பைத் திருப்பிக் கொடுப்பது. உலகப் பொருளாதார மந்தம் கிராமங்களை வாட்டிய 1930களைக் கடந்து, 1939-ல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இந்த மரபை முழுதாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. அசனப் பந்தியில் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது 19ஆம் நூற்றாண்டில் துணிச்சலான செயல்தான். என்றாலும் பல ஊர்கள் ஒரே சாதியினரின் ஊர்களாக அமைந்ததால், அந்தப் பந்தி சாதியைக் கடந்ததைவிட உறவினரைக் கூட்டியதே அதிகம். இன்றும் சபைத் தேர்தல்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சாதி எட்டிப் பார்க்கிறது. ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சாதி பார்ப்பவர்கள் சொன்ன ஸ்தோத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கும்? காணிக்கையின் தொகையை உரக்க வாசிப்பதும், ஏலத்தில் ஒரு தேங்காயைப் பல்லாயிரத்துக்கு எடுத்துப் பெயர் வாங்குவதும் இந்த வழக்கத்தின் உயிருக்கே விரோதமானவை. பிடி அரிசியில் யார் கை பெரியது என்று யாருக்கும் தெரியாது. கலயங்கள் கொட்டப்பட்டபின் எல்லாருடைய அரிசியும் ஒரே குவியல்தான். கொடுப்பவரின் பெயர் தெரிய வேண்டியதாகும் இடத்தில், ஏழை வெட்கப்பட்டு ஒதுங்கத் தொடங்குகிறார். துன்ப காலத்தில் நன்றி சொல்ல உதவிய வழக்கம், துன்பப்படுபவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமாக மாறிவிடும் ஆபத்து அங்கேதான்.

ஆகவே சேகரங்களை நடத்துபவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பண்டிகையில் தொகையை வாசிப்பதை நிறுத்துங்கள். பெயரை மட்டும் வாசித்தால் போதும். மற்றொன்று, பழைய கோயில்களின் அலமாரிகளில் கிடக்கும் சங்கக் கணக்குகளையும் பிடி அரிசிக் குறிப்பேடுகளையும் ஏலப் பட்டியல்களையும் செல்லரிக்க விடாதீர்கள். அறிக்கை எழுதத் தெரியாத பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பஞ்ச ஆண்டில் எவ்வளவு கொடுத்தார்கள், எந்த மாதம் கொடுக்க முடியாமல் போயிற்று, எப்போது மீண்டும் தொடங்கினார்கள் என்பது அந்தத் தாள்களில் மட்டுமே இருக்கிறது. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் படமெடுத்து வைக்கும் வேலையை இந்தத் தலைமுறையே செய்து முடிக்க வேண்டும்.